கணினி அறைத் திறப்பு கைக்கு வந்தபின்: திருகோணமலை ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

கணினிகள் வந்து இறங்கும் நாளில் பாடசாலை களைகட்டிவிடும். நாடா வெட்டுவார்கள், குத்துவிளக்கு ஏற்றுவார்கள், படம் எடுப்பார்கள். கூட்டம் கலைந்ததும் அதிபர் திறப்புக் கோர்வையை ஓர் ஆசிரியரின் கையில் கொடுப்பார். அவர் பெரும்பாலும் கணிதமோ விஞ்ஞானமோ படிப்பிப்பவராக இருப்பார். "உங்களுக்குத்தான் கணினி கொஞ்சம் தெரியுமே" என்பதுதான் அவருக்குக் கிடைத்த நியமனக் கடிதம். இந்தக் கட்டுரை அவருக்காக எழுதப்படுகிறது.

கணினி அறை அமைப்பது பற்றிய குறிப்புகள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை குளிரூட்டிய, கடற்காற்று படாத ஓர் அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கணினியைக் கெடுப்பவை வேறு: உப்புக் காற்று, ஏறி இறங்கும் மின்சாரம், மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கதவு. இந்த மூன்றில் கடைசியானதுதான் அதிகக் கணினிகளைக் கொன்றிருக்கிறது என்பேன். ஓடும் கணினி தன் சூட்டிலேயே ஈரத்தை விரட்டிக்கொள்ளும். "பழுதாகிவிடும்" என்று பயந்து பூட்டி வைத்த கணினியில் பச்சை பூத்துவிடும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படிக்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

முதலில் அறை

உங்களுக்குத் தெரிவு இருந்தால் மாடியில் உள்ள அறையைக் கேளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது வெருகல், மூதூர் பக்கங்களில் நீர் ஏறியதைப் பார்த்த எவருக்கும் இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மாடி இல்லாத பாடசாலையில் கணினிப் பெட்டியை ஒருபோதும் தரையில் வைக்காதீர்கள். மேசை மேல் இடம் போதாவிட்டால் தச்சரிடம் சொல்லி, மேசைக்குக் கீழே ஓரடி உயரத்தில் ஒரு தட்டு அடித்துக்கொள்ளுங்கள். பிளக் செருகும் பொயின்டுகளும் மேசை மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

அடுத்தது காற்று. நம் கரையில் ஆண்டுக்கு இரண்டு காற்று. மாரியில் வீசும் வாடை கடலிலிருந்து வருகிறது; ஈரத்தையும் உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து வருகிறது. அது சூட்டையும் புழுதியையும் கொண்டுவரும். கடலைப் பார்த்த யன்னல் வரிசை மாரியில் மூடியிருக்க வேண்டும். மைதானத்தைப் பார்த்த யன்னல்களுக்கு மெல்லிய கம்பிவலையாவது வேண்டும். இரண்டும் ஒரே பக்கமாக அமைந்த அறையென்றால் வேறு அறை கேட்பதே நல்லது. வகுப்பறைக் கட்டடத்தின் நடுவில் இருக்கும் அறை, விறாந்தை உள்ள அறை, மாமரமோ வேம்போ மறைக்கும் அறை ஆகியவற்றில் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

குளிரூட்டி வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைத்தால் போடுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இரண்டு மாதம் கட்டிவிட்டு மூன்றாம் மாதம் கைவிரித்தால், யன்னல்களை அடைத்துக் கட்டிய அறை வெதுப்பகமாகிவிடும். நல்ல கூரைத்தட்டும் எதிரெதிர் யன்னல்களும் நான்கு மின்விசிறிகளும் உள்ள அறையில் சாதாரண மேசைக் கணினி 35 பாகை வரை தாக்குப்பிடிக்கும். குளிரூட்டி இருந்தால் ஒன்றை மறக்கக் கூடாது. பாடவேளை முடிந்தவுடன் யன்னல்களை அகலத் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்து கிடக்கும் உலோகத்தில் வெளிக்காற்றின் ஈரம் வியர்த்துப் படியும்; உப்பு கலந்த அந்த வியர்வைதான் மதர்போர்டைத் தின்கிறது.

மின்சாரம்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

ஒரு கணக்குப் போடுவோம். மேசைக் கணினியும் தட்டைத் திரையும் சேர்ந்து சாதாரண வேலையில் 100 முதல் 120 வாட் எடுக்கும். இருபது கணினிக்கு ஏறத்தாழ 2,400 வாட். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் இது 10 ஆம்பியருக்குச் சற்று மேல். பெரிய சுமை இல்லைதான். ஆனால் பழைய வகுப்பறையில் விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட வயரிலிருந்து இழுத்து, ஒரு நீட்டிப்புப் பெட்டியில் இன்னொன்றைச் செருகி, அதில் மூன்றாவதையும் செருகி ஓட்டினால் எங்கோ ஓரிடத்தில் பிளாஸ்டிக் உருகும் வாசனை வரத்தான் செய்யும். பிரதான பலகையிலிருந்து கணினி அறைக்கென்று தனி வயர், அறைக்குள் ஒரு சிறு பகிர்வுப் பெட்டி, சுவரோரம் 13 ஆம்பியர் சதுரப் பொயின்டுகள். இதற்குக் குறைந்த ஏற்பாட்டோடு கணினிகளை இயக்கத் தொடங்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் தருகிறவர்கள் கணினிக்குத் தருவார்கள், வயருக்குத் தர யோசிப்பார்கள். "வயரிங் முடிந்த பிறகு கணினி தாருங்கள்" என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) விடயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு கணினியின் மின்வழங்கியிலிருந்தும் மிகச் சிறிய அளவு மின்னோட்டம் எர்த் வழியாகக் கசிவது இயல்பு. அது கோளாறு அல்ல. இருபது கணினியின் கசிவும் ஒரே 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச்சில் சேரும்போது, எந்தப் பழுதும் இல்லாமலே அது அடிக்கடி விழும். உடனே யாராவது வந்து, "இது சரியில்லை" என்று அதைத் தாண்டி நேராக வயரைக் கொடுத்துவிட்டுப் போவார். பிள்ளைகள் இருக்கும் அறையில் செய்யக்கூடிய மிக ஆபத்தான வேலை அதுதான். சரியான தீர்வு சுமையைப் பிரிப்பது. ஏழெட்டுக் கணினிக்கு ஒரு ட்ரிப் என்று மூன்றாகப் பிரித்துவிட்டால் தொல்லை நின்றுவிடும்.

எர்த் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். கணினிப் பெட்டியின் உலோகப் பக்கத்தில் புறங்கை பட்டதும் சுரீர் என்று ஒரு கிறுகிறுப்பு ஏறுகிறது என்று பிள்ளைகள் சொன்னால், "கரண்ட் கொஞ்சம் அடிக்கும், பரவாயில்லை" என்று விட்டுவிடாதீர்கள். எர்த் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது முதலிலிருந்தே இல்லை என்பதுதான் அதன் பொருள். கடலோரத்து மணலில் புதைத்த எர்த் குழாய் உப்பில் அரித்துப்போவதும், கச்சான் காலத்தில் மணல் வரண்டு எர்த் வலுவிழப்பதும் நடப்பவை. தகுதி பெற்ற மின்னியலாளரை அழைத்து எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். அளக்கும் கருவியோடு வருகிறாரா என்று பாருங்கள். டெஸ்டர் மட்டும் கொண்டு வருபவர் போதாது.

இதோடு சேர்ந்த இன்னொன்று செருப்பு. கணினி அறை வாசலில் செருப்பையும் சப்பாத்தையும் கழற்றிவிட்டு வரச் சொல்வது நம் பாடசாலைகளில் வழமை. மணல் உள்ளே வராது என்பது உண்மைதான். ஆனால் எர்த் சரியில்லாத அறையில், மாரியில் ஈரம் கசியும் சீமெந்துத் தரையில், வெறுங்காலோடு ஒரு பிள்ளை உட்கார்ந்து உலோகப் பெட்டியைத் தொடுவதை எண்ணிப் பாருங்கள். எர்த் அளந்து உறுதியாகும் வரை சப்பாத்து காலில் இருக்கட்டும். மணலைத் தும்புத்தடியால் கூட்டிவிடலாம். உறுதியான பிறகும் மேசைகளின் கீழே றப்பர் விரிப்புப் போடுவது நல்லது.

யூ.பி.எஸ். வாங்குவதென்றால் ஒன்றைப் புரிந்துகொண்டு வாங்குங்கள். 650 விஏ யூ.பி.எஸ். ஒரு மேசைக் கணினியை ஐந்து பத்து நிமிடம் தாங்கும். வேலையைச் சேமித்து, முறையாக நிறுத்துவதற்கான அவகாசம் அது. பாடம் நடத்துவதற்கானது அல்ல. அதன் பெட்டரி இரண்டு மூன்று ஆண்டுதான் வரும், சூடான அறையில் இன்னும் குறையும். இருபது யூ.பி.எஸ். வாங்கினால் மூன்றாம் ஆண்டு இருபது பெட்டரி வாங்க வேண்டிவரும் என்பதை இன்றே அதிபரிடம் சொல்லிவையுங்கள். என் தெரிவு, சேவையகத்துக்கும் (எல்லாக் கணினிகளுக்கும் கோப்புகளைப் பகிரும் கணினி) ஆசிரியர் கணினிக்கும் நல்ல யூ.பி.எஸ்.; மாணவர் கணினிகளுக்கு மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவி. லேசர் பிறின்டரை யூ.பி.எஸ்.ஸில் ஒருநாளும் செருகக் கூடாது. அது சூடாகும் கணத்தில் இழுக்கும் மின்சாரத்தை யூ.பி.எஸ். தாங்காது.

2022 மார்ச்சில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்கள் நினைவிருக்கும். அப்படி ஒரு காலம் மீண்டும் வந்தாலும் பாடம் நடக்க வேண்டும் என்றால் நான்கைந்து மடிக்கணினிகளாவது வேண்டும். எல்லாவற்றையும் மடிக்கணினியாக வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. மேசைக் கணினியில் விசைப்பலகை கெட்டால் விசைப்பலகையை மட்டும் மாற்றலாம்; மடிக்கணினியில் அது ஒரு பெரிய வேலை. மடிக்கணினியைத் திருடிக்கொண்டு போவதும் எளிது.

இடி மின்னல் நம் பக்கம் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கடுமை. சுவிட்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். வானம் கறுக்கும் நாட்களில் பாடசாலை விடும்போது பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். பல அறைகளில் மின்னல் வந்த வழி மின்சார வயர் அல்ல. தொலைபேசி வயர் வழியாக ரவுட்டருக்குள் புகுந்து, அங்கிருந்து வலையமைப்புக் கம்பிகளால் கணினிக்குக் கணினி பரவியிருக்கிறது.

எதை வாங்குவது, எதை வேண்டாம் என்பது

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் பாடசாலையை மறக்காதவர்கள். ஆனால் அங்கே ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினிகள் கப்பலில் வந்து, இங்கே ஓர் அறை நிறைய இரும்பாகக் கிடந்ததும் உண்டு. நன்கொடை தருவதாக யாரும் சொன்னால் "என்ன தந்தாலும் சந்தோசம்" என்று பதில் எழுதாதீர்கள். மரியாதையாக ஒரு விவரக் குறிப்பு அனுப்புங்கள்: குறைந்தது 8 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்), தட்டைத் திரை, எல்லாம் ஒரே மாதிரி. கடைசிச் சொல்தான் முக்கியம். இருபது கணினியும் ஒரே மாதிரி என்றால் ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்குப் போடலாம். ஒன்றில் செய்த அமைப்பை மற்றப் பத்தொன்பதுக்கும் பிரதி எடுக்கலாம். ஏழு விதமான கணினிகள் என்றால் ஏழு விதமான தலையிடி.

விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஓட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி வேண்டும். அதற்குப் பழைய கணினிகளை வீசத் தேவையில்லை. வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு நிறுவினால் பத்து வயதுக் கணினியும் பாடத்துக்குப் போதுமான வேகத்தில் ஓடும். சாதாரண தரத்துப் பாடத்தில் வரும் சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், தரவுத்தளம் எல்லாவற்றையும் லிப்ரே ஆபிஸில் செய்யலாம். பஸ்கால் எழுத ஃபிரீ பஸ்கால் இருக்கிறது. உயர்தரத்துக்கான பைதன் லினக்ஸோடு சேர்ந்தே வரும். பிள்ளைகள் வீட்டிலும் கடையிலும் பார்ப்பது விண்டோஸ்தானே என்ற கேள்வி நியாயமானது. ஆகவே அறையில் நான்கு கணினியிலாவது முறையாக உரிமம் பெற்ற விண்டோஸ் இருக்கட்டும். களவாக உடைத்த பிரதியைப் பாடசாலைக் கணினியில் போடாதீர்கள். அந்தப் பிரதிகளோடு என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்பது போட்டுத்தருபவருக்கே தெரியாது.

குழாய்த் திரைகளை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மின்சாரத்தைத் தின்னும், இடத்தை அடைக்கும், கடைசியில் ஈயம் கலந்த கண்ணாடிக் குப்பையாக உங்கள் தலையில் விழும்.

மேசையும் கம்பியும்

மேசைகளைச் சுவரோரமாக 'ப' வடிவில் போடுங்கள். கம்பிகள் சுவரோடு ஓடும், யாரும் தடுக்கி விழமாட்டார்கள், நடுவில் நின்றால் எல்லாத் திரைகளும் ஒரே பார்வையில் தெரியும். வகுப்புப் போல வரிசையாகப் போட்டால் பின்வரிசைத் திரையில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியவே வராது. சுவருக்கும் மேசைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கணினியின் பின்பக்கம் மூச்சு விடவும், கூட்டித் துடைக்கவும் அது வேண்டும்.

வலையமைப்புக்கு ஒரு 24 வாயில் சுவிட்ச்சும் கேட் 6 கம்பியும் போதும். எல்லாக் கணினியையும் வைஃபையில் விடலாம் என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே கோப்பைத் திறக்கும்போது கம்பியின் அருமை தெரியும்.

இணையம் வராத நாளுக்கும் பாடம்

குச்சவெளியிலும் வெருகலிலும் இணையத்தை நம்பிப் பாடத் திட்டம் போடுகிறவர் பாதி நாள் கரும்பலகைக்கே திரும்ப வேண்டிவரும். பெரிய வன்தட்டு போட்ட பழைய கணினி ஒன்றை அறையின் சேவையகமாக்குங்கள். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் அதில் இறக்கி வைக்கலாம். இணையம் இல்லாமலே எல்லாக் கணினியிலும் படிக்கலாம். கோலிப்ரி என்பது இதுபோலவே பாடக் காணொளிகளையும் பயிற்சிகளையும் உள்ளூரில் வைத்துத் தருவது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை மின்நூலாக இறக்கித் தரம் வாரியாகக் கோப்புறை போட்டு வைத்தால், மற்றப் பாட ஆசிரியர்களும் உங்கள் அறையைத் தேடி வருவார்கள். அவர்கள் வருவது அவசியம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் மட்டும் நடக்கும் அறை வாரத்தில் பாதி நேரம் சும்மா கிடக்கும்.

இணையம் இருக்கும்போது பிள்ளைகளுக்கு ஒவ்வாத தளங்களைத் தடுக்க விலை கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. ரவுட்டரின் டிஎன்எஸ் முகவரியை (தளப் பெயர்களைத் தேடித்தரும் சேவையின் முகவரி) 1.1.1.3 என்று மாற்றினால் ஆபாசத் தளங்களும் தீங்கான தளங்களும் பெருமளவு அடைபடும். கெட்டிக்காரப் பிள்ளைகள் அதற்கும் வழி கண்டுபிடிப்பார்கள். 'ப' வடிவ மேசை அதற்குத்தான்.

தமிழ்: பாமினியை என்ன செய்வது?

பல வழிகாட்டிகள் இதைத் தொடுவதே இல்லை. நம் பாடசாலைகளில் பரீட்சை வினாத்தாள், கூட்ட அறிவித்தல், பெற்றோருக்கான கடிதம் எல்லாம் ஆண்டுக்கணக்கில் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினியில் தமிழ் போலத் தெரிவது கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தெரியும். தேடினாலும் கிடைக்காது, கைப்பேசியிலும் படிக்க முடியாது.

ஆகவே அறையில் ஒரே விதி: புதிதாக எழுதுவது எல்லாம் யூனிகோடில், அதாவது எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழாகவே தெரியும் பொது முறையில். பழைய கோப்புகளைத் திறப்பதற்காகப் பாமினி எழுத்துருவை நிறுவி வையுங்கள். மாற்றி எடுக்க இலவச மாற்றிகள் உண்டு. இதற்கு எதிர்ப்பு பிள்ளைகளிடமிருந்து வராது. "எனக்கு பாமினி விரல்தான் பழக்கம்" என்று மூத்த ஆசிரியர்களிடமிருந்து வரும். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது; இருபது ஆண்டுப் பழக்கத்தை ஒரு சுற்றறிக்கையால் மாற்ற முடியாது. விண்டோஸில் என்எச்எம் ரைட்டரை நிறுவிக் கொடுங்கள். அதில் பாமினி விசைகளாலேயே யூனிகோடில் எழுதலாம். விரல் பழையது, எழுத்துப் புதியது. லினக்ஸில் ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுத் தொகுதியை நிறுவினால் தமிழ்99, ஒலிப்பு முறை ஆகிய விசைப்பலகை அமைப்புகளோடு நம் நாட்டு ரெங்கநாதன் அமைப்பும் வரும்.

தரம் ஆறில் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு ரெங்கநாதனோ தமிழ்99ஓ, ஒன்றைத் தெரிவுசெய்து பாடசாலை முழுவதற்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் மட்டும் தொடங்க வேண்டாம். தமிழில் ஒரு சொல்லை எழுத, அதை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் பார்க்கும் பழக்கம் பிஞ்சிலேயே வந்துவிடும்.

ஒன்றைச் செய்து இருபதாக்குவது

ஒரு கணினியை முழுமையாகத் தயார்செய்யுங்கள்: பணிசெயல் முறைமை, மென்பொருள்கள், தமிழ் எழுத்துருக்கள், பிறின்டர் எல்லாம். பிறகு குளோன்சில்லா என்ற இலவசக் கருவியால் அதன் முழுப் பிரதியை ஒரு வெளி வன்தட்டில் எடுங்கள். அந்தப் பிரதியை மற்றக் கணினிகளில் இறக்கினால், நாட்கணக்கில் செய்யும் வேலை ஒரு மாலைப்பொழுதில் முடியும். பின்னால் எந்தக் கணினி குழம்பினாலும் பிழையைத் தேடி நேரத்தைச் செலவழிக்காமல் மீண்டும் பிரதியை இறக்கிவிடலாம். இதற்காகவே மாணவர்களின் வேலையை அந்தந்தக் கணினியில் வைக்காமல், சேவையகத்தில் வகுப்புவாரியான கோப்புறையில் சேமிக்கப் பழக்குங்கள்.

மாணவர் கணக்குக்கு நிர்வாகி அதிகாரம் கொடுக்க வேண்டாம். பென் டிரைவ் விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். கோப்புறைகளை மறைத்துவிட்டு அவற்றின் குறுக்குவழிகளை மட்டும் காட்டும் வைரஸ் இன்னமும் நம் போட்டோப்பிரதிக் கடைகளைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் பென் டிரைவை லினக்ஸ் ஓடும் ஒரு கணினியில் மட்டும் செருகி, அங்கிருந்து சேவையகத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். வேயான் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் உங்கள் இடத்திலிருந்தே எல்லாத் திரைகளையும் பார்க்கலாம். பேசும்போது ஒரே சொடுக்கில் எல்லாத் திரைகளையும் பூட்டலாம். அந்த ஒரு வசதிக்காகவே அதை நிறுவலாம்.

நாற்பது பிள்ளைகளும் இருபது கணினியும்

இருவருக்கு ஒன்று என்று உட்காரவைத்தால் நடப்பது இதுதான்: வீட்டில் கணினி உள்ள பிள்ளை மவுஸைப் பிடித்துக்கொள்ளும், மற்றது கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். தவணை முடிவில் முதல் பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்தது இன்னும் நன்றாகத் தெரியும், இரண்டாவதற்கு ஒன்றும் தெரியாது. பாடவேளையின் நடுவில் மணி அடித்து இருக்கை மாற்றுங்கள். மவுஸைத் தொடாத பிள்ளைதான் அடுத்து என்ன செய்வது என்று வாயால் சொல்ல வேண்டும். மவுஸ் பிடித்தவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். சத்தம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்கம் ஒட்டி, ஒவ்வொரு சோடிக்கும் நிலையான இலக்கம் கொடுங்கள். வாசலில் ஒரு பயன்பாட்டுப் பதிவேடு: திகதி, வகுப்பு, கணினி இலக்கம், குறை. விசைப்பலகையில் 'ஒ' விசை காணாமல் போனது எந்த வாரம் என்று பதிவேடு சொல்லும். விசாரணை நடத்தத் தேவையே வராது, பதிவேடு இருக்கிறது என்ற எண்ணமே போதும். நேரசூசியில் அறைக்கென்று ஒரு பத்தி வாங்குங்கள். உயர்தர மாணவர் இருவரைப் பொறுப்பாக்குங்கள். திறப்பு இரண்டு இருக்கட்டும், ஒன்று அதிபர் அலுவலகத்தில். நீங்கள் விடுப்பில் போகும் நாளில் அறை பூட்டிக் கிடக்கக் கூடாது.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை தூசி தட்டுவதற்கு மேல் பெரிதாக ஒன்றும் வேண்டாம். தவணைக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, புளோவரால் புழுதியை ஊதி, உள்ளே பாருங்கள். கோட்டைப் பக்கத்து மான்கள் வளவுக்குள் வந்து போனாலும் கணினிக்கு ஒரு தொந்தரவும் இல்லை; பகை பல்லிதான். மின்வழங்கியின் சூட்டுக்காக உள்ளே போய், இரண்டு முனைகளைத் தொட்டுத் தானும் கருகிக் கணினியையும் கருக்கிவிடும். பெட்டியின் பின்னால் திறந்து கிடக்கும் ஓட்டைகளைத் தகட்டால் மூடுங்கள். யூஎஸ்பி துளைகளில் குளவி மண் கூடு கட்டும். விடுமுறை முடிந்து வந்ததும் செருகுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். அறைக்குள் சாப்பாடு வேண்டாம் என்பது எறும்புக்காகவும் எலிக்காகவும்.

கணினி ஓன் ஆகிறது, திரை வரவில்லை, நீளமாகக் கீச்சிடுகிறது என்றால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, நினைவகப் பலகையை வெளியே எடுத்துப் பாருங்கள். பொன்னிறப் பல்வரிசை மங்கிக் கறுத்திருக்கும். வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, கிளிக் என்று இரண்டு பக்கமும் பூட்டும்வரை அழுத்திச் செருகுங்கள். கரையோரப் பாடசாலைகளில் 'பழுதான' கணினிகள் பலவற்றுக்கு இந்த வைத்தியமே போதும். இணையம் இருந்தும் எந்தத் தளமும் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால், திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். பல ஆண்டு பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பெட்டரி தீர்ந்துவிட்டது. மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும்.

இரவில் பொலித்தீன் உறை போட்டு மூடுவதை நிறுத்துங்கள். ஈரம் உள்ளே அடைபட்டுக்கொள்ளும். பருத்தித் துணி போதும். டிசம்பர் விடுமுறைதான் ஆண்டின் மோசமான காலம்: வாடை, மழை, பூட்டிய அறை. வாரம் ஒருநாள் யாராவது வந்து எல்லாக் கணினியையும் ஒரு மணிநேரம் ஓடவிட வேண்டும். உயர்தர மாணவர்களிடம் கேட்டால் மறுக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் அவர்கள் விளையாடினால் கண்டுகொள்ள வேண்டாம்.

பதிவும் கையளிப்பும்

வந்த பொருள் ஒவ்வொன்றின் தொடரிலக்கத்தையும் பொருட்பதிவேட்டில் ஏற்றுங்கள், நன்கொடையாக வந்தது உட்பட. ஒரு கணினியின் நினைவகத்தை இன்னொன்றுக்கு மாற்றினால் அதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆண்டுக் கணக்கெடுப்பில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். திருத்த முடியாதவற்றை மூலையில் குவிக்காமல் பதிவழிக்க அதிபர் மூலம் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். பதிவழித்த பிறகு பழைய இரும்புக்காரரிடம் போடாமல், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் வன்தட்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அதில் பிள்ளைகளின் பெயரும் முகவரியும் புள்ளிகளும் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அது வெறும் நாகரிகப் பிரச்சினை அல்ல.

உங்களுக்கும் ஒருநாள் இடமாற்றம் வரும். அதற்கு முன்பே ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும்: அறையின் வயரிங் வரைபடம், எந்த ட்ரிப் எந்த மேசைக்கு என்ற குறிப்பு, குளோன்சில்லா பிரதி இருக்கும் வன்தட்டு, உத்தரவாதக் காலம் உள்ள பொருட்களின் பற்றுச்சீட்டுகள், மின்னியலாளரின் தொலைபேசி இலக்கம். நிர்வாகிக் கடவுச்சொற்களையும் ரவுட்டர் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, அதிபரின் அலுமாரியில் வைத்துக் கையொப்பம் வாங்குங்கள். கடவுச்சொல்லை மாற்றும் ஒவ்வொரு தடவையும் உறையையும் மாற்ற வேண்டும்.